மூளையின் தொழிலைப் படம் பிடித்த வரலாறு



சென்ற ஆண்டு எனக்கு அடிக்கடி தலைச்சுற்றல் உண்டாயிற்று. எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொள்ளும்படி மருத்துவர் பணித்தார். குழாய் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். காதுகளை அடைத்திருந்தும், தகரக் கொட்டகையைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை அரைமணி நேரம் ஓயவில்லை. பின்னர் என் மூளையின் படங்கள் கறுப்பும் வெளுப்புமாகக் கைக்கு வந்தன. அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்றார் மருத்துவர்.

படங்களோடு வீடு திரும்பினேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகன் அவற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "மாமா, உள்ளே படுத்திருந்தபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது இதில் தெரியுமா?" என்று கேட்டான். "இதில் தெரியாதப்பா. ஆனால் அதையும் காட்டும் படம் வந்துவிட்டது" என்று பெருமையாக விடை சொன்னேன். பிறகு அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, நான் சொன்னதில் பாதி உண்மை, பாதி பிழை என்பது புலனாயிற்று. எது உண்மை, எது பிழை என்பதை இன்று அவனுக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்லக் கருதுகிறேன். பெரிய பேராசிரியர்களோடு, பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர்களும் இவ்வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறார்கள். ஆகையால் இது உங்களுக்கு உரிய வரலாறுமாகும்.

முதலில் இயந்திரத்தின் தத்துவத்தைச் சிறிது பார்ப்போம். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு நுண்ணிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அக்கரு பம்பரம் போலத் தலையாட்டிச் சுழலும். பம்பரம் தலையாட்டும் வேகம் புலத்தின் வலிமையைப் பொறுத்தது. மருத்துவமனைகளில் பெரிதும் வழங்கும் 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அதில் ஹைட்ரஜன் கரு நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை தலையாட்டுகிறது. அதே அதிர்வெண்ணில் வானொலி அலையை அனுப்பினால் கருக்கள் அதை ஏற்றுக்கொண்டு, பின்னர் தாமும் அலையாகத் திருப்பித் தருகின்றன. இதனையே காந்த ஒத்ததிர்வு என்கிறோம். நான் பேசுவதை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவதும் வானொலி அலையே. மூளையின் நிலையை வெளியே கொண்டு வருவதும் அந்த இனத்து அலையே.

1946-ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் ஆகிய இருவரும் அமெரிக்காவில் தனித்தனியே உழைத்து, நீர், மெழுகு போன்ற சாதாரணப் பொருள்களில் இவ்விளைவைக் கண்டறிந்தனர். 1952-இல் இருவருக்கும் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிட்டியது. ஆனால் நீரிலிருந்து வரும் அலை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிய அப்போது வழியில்லை. அவ்வழியைக் காட்டியவர் நியூயார்க் மாநிலத்து வேதியியல் அறிஞர் பால் லாட்டர்பர். காந்தப் புலத்தை எங்கும் ஒரே அளவாக வைக்காமல், ஒரு பக்கம் சற்றுக் குறைந்தும் மறுபக்கம் சற்று மிகுந்தும் இருக்கும்படி சாய்த்து வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். யாழின் நரம்புகள் நீளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு சுரத்தில் ஒலிப்பதை அறிவீர்கள். சுரத்தைக் கேட்டே எந்த நரம்பு அதிர்ந்தது என்று சொல்லிவிடலாம் அன்றோ? அதுபோலவே, அலையின் சுரத்தைக் கொண்டு அது பிறந்த இடத்தை அறியலாம். 1973-இல், கனநீரில் நிறுத்திய இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களின் படத்தை அவர் இம்முறையில் வெளியிட்டார். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டு, ஒரு குறுக்கு வெட்டுப் படத்தை நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்திலேயே எடுத்துவிடும் முறையை 1977-இல் வகுத்தார். இவ்விருவரும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதுவரை கிடைத்தது மூளையின் உருவம். உருவம் வேறு, தொழில் வேறு. ஆலையின் புகைப்படத்தைப் பார்த்து, அங்கே எந்த இயந்திரம் இப்பொழுது ஓடுகிறது என்று சொல்ல முடியுமா? மூளையில் இந்தக் கணத்தில் உழைக்கும் பகுதி எது என்று காண வேண்டுமானால், அதற்கு ஓர் அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளம் இரத்தம். நம் உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. 1890-இல் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ராய், சார்லஸ் ஷெரிங்டன் ஆகிய இருவரும், மூளையில் எந்த இடத்துக்கு வேலை மிகுகிறதோ அந்த இடத்துக்கு இரத்தமும் மிகுதியாகச் செல்லும் ஏற்பாடு உடலிலேயே இருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டனர். 1928-இல் ஜான் ஃபுல்டன் என்ற மருத்துவ அறிஞர் ஓர் அரிய நோயாளியைப் பற்றி எழுதினார். அவருடைய தலையின் பின்புறத்தில் இரத்தக்குழாய்களின் முடிச்சு ஒன்று இருந்தது. இரத்தம் அதில் பாயும் ஓசையை வெளியிலிருந்தே கேட்க முடிந்தது. அந்நோயாளி கண்ணைப் பயன்படுத்திப் படிக்கத் தொடங்கினால் ஓசை உரத்தது. கண்ணை மூடி ஓய்ந்தால் தணிந்தது. பார்வைக்குரிய மூளைப்பகுதி தலையின் பின்புறத்தில் இருப்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

நம் ஊர்க் கழனியைக் கொண்டு இதை இன்னும் தெளிவாக உணரலாம். எந்த வயல் வாடுகிறதோ அந்த வயலின் மடையைத் திறக்கிறோம். தொலைவில் மேட்டில் நிற்பவனுக்கு வேரின் தாகம் தெரியாது. ஆயினும் வாய்க்காலில் நீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, வேலை நடக்கும் வயலை அறிந்துகொள்வான். இந்த உவமையில் மற்றொரு நுட்பமும் உண்டு. மடையைத் திறந்தால் பயிருக்குத் தேவையான அளவு மட்டுமா நீர் பாய்கிறது? தேவைக்கு மேலும் பாய்ந்து, வடிகாலில் தெளிந்த நீர் ஓடுகிறது. மூளையிலும் அப்படியே. 1986-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பீட்டர் ஃபாக்ஸ், மார்க்கஸ் ரெய்க்கல் ஆகியோர் விரல்களுக்குத் தொடுதூண்டல் அளித்து அளந்தபோது, மூளையில் அதற்குரிய இடத்தில் இரத்த ஓட்டம் நூற்றுக்கு 29 பங்கு மிகுந்தது. பிராணவாயுச் செலவோ 5 பங்குதான் மிகுந்தது. ஆகவே உழைக்கும் இடத்திலிருந்து திரும்பும் இரத்தத்தில் பிராணவாயு குறைவதற்கு மாறாக மிகுந்தே இருக்கிறது. யாரும் எதிர்பாராத இந்த உண்மையே பின்னர் வந்த படங்களுக்கெல்லாம் அடிப்படை.

இனிக் காந்தத்துக்கும் இரத்தத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். இதன் தொடக்கம் 1845-இல் இருக்கிறது. மின்னியலின் தந்தையருள் ஒருவரான மைக்கேல் ஃபாரடே அவ்வாண்டு கண்ணில் பட்ட பொருள்களையெல்லாம் காந்தத்தின் அருகே தொங்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். உலர்ந்த இரத்தத்தையும் அவர் சோதித்தார். இரும்புச் சத்து இருந்தும் காந்தம் அதை ஈர்க்கவில்லை. புதிய, நீர்த்த நிலையிலுள்ள இரத்தத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். தமனி இரத்தத்தையும் சிரை இரத்தத்தையும் அவர் ஒப்பிட்டிருந்தால் வேறுபாட்டைக் கண்டிருக்கக்கூடும். அவ்வேலை 91 ஆண்டுகள் காத்திருந்தது. 1936-இல் கலிஃபோர்னியாவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் ஆகியோர் அவ்வேறுபாட்டைக் கண்டார்கள். பிராணவாயுவை ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபினைச் சிறிது ஈர்க்கிறது. மூலக்கூற்றின் அமைப்பை அறிவதற்காகவே அவர்கள் இதனைச் செய்தார்கள். மூளையைப் படம் பிடிக்க இது உதவும் என்று அக்காலத்தில் யாரும் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

மேலும் 54 ஆண்டுகள் சென்றன. ஜப்பானில் பிறந்து, அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் பணியாற்றிய செய்ஜி ஒகாவா, எலிகளின் மூளையை வலிய காந்தத்தில் வைத்துப் படம் எடுத்தார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது மூளையின் சிரைகள் கரிய கோடுகளாகத் தெரிந்தன. தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தபோது அக்கோடுகள் மறைந்தன. பிராணவாயு இழந்த இரத்தம் தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைக் குலைப்பதால் அங்கே அலை மங்குகிறது. பிராணவாயு மிகுந்தால் அலை தெளிகிறது. 1990-இல் அவர் இதனை வெளியிட்டு, மூளையின் தொழிலையும் இவ்வழியில் காணலாம் என்று குறிப்பிட்டார். ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். இரத்தமே மையாகிப் படம் வரையும் என்பது இதன் கருத்து. ஆனால் இது எலியில் கண்டது. மனிதனிடம் காண்பது எப்படி?

இங்கேதான் இளைஞர்கள் வருகிறார்கள். பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜாக் பெலிவோ என்ற இளம் ஆராய்ச்சியாளர், கடோலினியம் என்ற காந்தத் தன்மையுள்ள பொருளை நரம்பு வழியே இரத்தத்தில் செலுத்தினார். கண்முன் ஒளி மின்னும்போது ஒரு படமும், இருளில் ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டார். பார்வைப் பகுதியில் இரத்தம் மிகுவது தெரிந்தது. ஏழு பேரிடம் செய்த இச்சோதனை 1991 நவம்பர் முதல் நாள் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. அதே மருத்துவமனையில் கென்னத் குவாங் என்பவர் ஊசியே இல்லாமல், ஒகாவா காட்டிய வழியில், 1991-இன் முற்பகுதியிலேயே மனித மூளையில் அவ்விளைவைக் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய காந்த ஒத்ததிர்வு அறிஞர்களின் மாநாட்டில், பாஸ்டன் குழுவினர் அதைத் திரையில் காட்டினார்கள்.

அச்செய்தி மில்வாக்கி நகரில் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரு ஆராய்ச்சி மாணவர்களைத் தூண்டிவிட்டது. ஒருவர் பீட்டர் பாண்டெட்டினி. மற்றவர் எரிக் வாங். இருவரும் ஜேம்ஸ் ஹைட் என்ற பேராசிரியரிடம் பயின்றவர்கள். நாமும் செய்து பார்ப்போம் என்று துணிந்தார்கள். ஆனால் ஒரு தடை இருந்தது. மான்ஸ்ஃபீல்டின் விரைவு முறைக்குக் காந்தப் புலத்தின் சாய்வை நொடிக்குப் பல நூறு முறை திருப்பிப் போட வேண்டும். அக்காலத்து மருத்துவமனை இயந்திரத்தின் பெரிய கம்பிச்சுருள்களால் அவ்வளவு விரைவாக மாற இயலவில்லை. சுருள் பெரிதாயின் அதில் ஓடும் மின்னோட்டத்தை மாற்றுவது கடினம் என்பது உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. உடல் முழுவதையும் சுற்றும் சுருள் எதற்கு, தலையை மட்டும் சுற்றினால் போதாதா என்று வாங் எண்ணினார். தலை நுழையும் அளவுக்குச் சிறிய சுருளைத் தாமே வடிவமைத்துச் செய்தார். பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டியதை, பாடத்தை நன்கு உணர்ந்த ஒரு மாணவர் கைத்திறனால் செய்து முடித்தார்.

1991 செப்டம்பர் 14, சனிக்கிழமை. மாநாடு முடிந்து ஏறத்தாழ ஒரு மாதமே ஆகியிருந்தது. இயந்திரத்துக்குள் படுத்திருந்தவர் செய்த வேலை மிக எளியது: சிறிது நேரம் விரல்களைத் தட்டுவது, சிறிது நேரம் சும்மா இருப்பது, மறுபடியும் தட்டுவது. அவ்வளவே. மூளையின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்டன. கைகளை இயக்கும் பகுதியில், விரல் அசையும்போதெல்லாம் அலை சிறிது உயர்ந்தது, ஓயும்போதெல்லாம் தாழ்ந்தது. அவ்வுயர்வு நூற்றுக்குச் சில பங்குதான். ஆனாலும் விரலின் தாளத்துக்கு மூளையின் அலை இசைந்து ஏறி இறங்கியதைக் கண்டபோது, ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். 1992 ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்களுக்குள் மூன்று குழுக்களின் கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று பாஸ்டனைச் சேர்ந்த குவாங் குழுவினுடையது. ஒன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து ஒகாவா எழுதியது. மற்றொன்று பாண்டெட்டினி முதலாசிரியராக இருந்த மில்வாக்கிக் கட்டுரை. உலகப் புகழ் பெற்ற நிலையங்களோடு ஒரே வரிசையில் ஓர் ஆராய்ச்சி மாணவரின் பெயர் நின்றது. இது தற்செயலாக நேர்ந்ததன்று. வேண்டிய அறிவுத் துண்டுகளெல்லாம் அப்போது பலருக்கும் பொதுவாகக் கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆவலும், இல்லாத கருவியைத் தானே செய்துகொள்ளும் பயிற்சியும் உடையவர்கள் முந்தினார்கள்.

இதனால் விளைந்த பயன் பெரிது. மூளையில் கட்டி வளர்ந்த ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் முன், அவருடைய கையை இயக்கும் இடம் எது, பேச்சுக்குரிய இடம் எது என்று படத்தில் பார்த்துக்கொண்டு மருத்துவர் கத்தி செல்லும் வழியைத் திட்டமிடுகிறார். கட்டியோடு பேச்சையும் சேர்த்து அகற்றிவிடாமல் காக்க இது துணை செய்கிறது. முகங்களை அறிவது எவ்விடம், எழுத்தைப் படிப்பது எவ்விடம் என்பவையெல்லாம் நலமுள்ள மனிதரிடமே ஆராயத்தக்க பொருள்களாயின.

ஆயினும், நண்பர்களே, இங்கே சிறிது நிற்க வேண்டும். என் மருமகனிடம் நான் பிழையாகச் சொன்ன இடம் இதுவே. இப்படம் எண்ணத்தைக் காட்டவில்லை, இரத்தத்தைக் காட்டுகிறது. மடையின் நீரைப் பார்த்துப் பயிரின் நிலையை ஊகிக்கிறோம். மூளை நரம்பணு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுகிறது. இரத்தமோ ஐந்தாறு நொடி கழித்தே உச்சத்தை அடைகிறது. படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் நரம்பணுக்கள் லட்சக்கணக்கில் அடங்கியிருக்கின்றன. செய்தித்தாளில் நாம் காணும் சிவப்பும் மஞ்சளுமான திட்டுகள் மூளையில் எரியும் விளக்குகள் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்து, வேறுபாடு மிகுந்த கட்டங்களுக்கு ஆராய்ச்சியாளர் தீட்டிய வண்ணங்களே.

கணக்கு என்றேன், அக்கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. ஓராயிரம் பேரை நிறுத்தி, ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்காவது பத்து முறையும் தலையே விழுந்தால் வியப்பதற்கில்லை. ஏனெனில் அப்படி விழும் வாய்ப்பு 1024-இல் ஒன்று. அவர் மந்திரம் அறிந்தவர் என்று நாம் சொல்வோமா? மூளைப் படத்திலோ கட்டங்கள் பல்லாயிரம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகவே சில கட்டங்கள் தூண்டப்பட்டவை போலத் தோன்றும்.

இதைக் கிரெய்க் பென்னெட் என்ற இளைஞர் அழகாக மெய்ப்பித்தார். அவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கடையில் வாங்கிய செத்த சால்மன் மீன் ஒன்றை இயந்திரத்துக்குள் வைத்தார். மனிதர்களின் படங்களை அம்மீனுக்குக் காட்டி, அவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்றும் கேட்டார்! திருத்தம் இல்லாத கணக்கைப் போட்டபோது, செத்த மீனின் மூளையிலும் சில கட்டங்கள் வேலை செய்வதாக விடை வந்தது. உரிய திருத்தத்தைச் சேர்த்தவுடன் அவை மறைந்தன. இதை அவரும் நண்பர்களும் 2009-இல் அறிஞர்கள் முன் வைத்தார்கள். கூடிய நகரம் அதே சான் ஃபிரான்சிஸ்கோ. கேட்டவர்கள் சிரித்தார்கள்; சிரித்தபின் தத்தம் கணக்குகளைத் திரும்பிப் பார்த்தார்கள். 1991-இல் ஒரு மாணவர் நம்பத் துணிந்தார். பின்னர் ஒரு மாணவர் ஐயப்படத் துணிந்தார். விஞ்ஞானத்துக்கு இரண்டும் வேண்டும்.

ஃபாரடே எழுதி வைத்த ஒரு வரிக் குறிப்பிலிருந்து மில்வாக்கியில் அசைந்த விரல்கள் வரை 146 ஆண்டுகள். இடையில் உழைத்தவர்களுள் பலருக்குத் தம் உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பது தெரியாது. இரத்தத்தின் காந்தத் தன்மையை அளந்தவர் மூளையை நினைக்கவில்லை. மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தவர் காந்தத்தை நினைக்கவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கண்டபடியே எழுதி வைத்தார்கள். அந்நேர்மையே பின்வந்த மாணவருக்கு முதலாக நின்றது. இன்று உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில், விடை ஒத்துவரவில்லையே என்று ஓர் எண்ணை அழித்துத் திருத்தத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகனுக்குச் சொல்ல வேண்டிய விடை இப்பொழுது என்னிடம் இருக்கிறது. "அப்பா, நீ விரலை அசைத்தால் உன் மூளையில் எந்த இடத்துக்கு இரத்தம் மிகுதியாகப் போகிறது என்று அந்த இயந்திரம் காட்டும். எதற்காக அசைத்தாய் என்பதை நீதான் சொல்ல வேண்டும்." இவ்விடையை அவன் ஏற்றுக்கொள்வானா, வேறு கேள்வி கேட்பானா என்பது எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டால் மகிழ்வேன்.